மூட்டை ஏற்றாமல் பார்த்த அலைன்மென்ட்

கார் வைத்திருந்தவர்களை எனக்கு அப்போது பிடிக்காது. அவர்களை வைத்துத்தான் நான் சோறு தின்றேன் என்பது வேறு விஷயம். எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தேன். ஊரில் இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய கார்கள்தான்; ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரனாக ஒரு முட்டாள். வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று ஒருவன் வருவான். டயரில் காற்று பார்த்தீரா என்று கேட்டால், இல்லை, கண்ணேறு பட்டுவிட்டது என்பான். இன்னொருவன் முன் டயர் சீக்கிரம் தேய்கிறது என்று டயர் விற்றவனின் வம்சத்தையே திட்டுவான். பள்ளத்தில் இறக்கி ஸ்டியரிங் கம்பியை வளைத்ததைப் பற்றி வாயைத் திறக்க மாட்டான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

அலைன்மென்ட் பார்க்கிற மிஷினெல்லாம் பெரிய ஊர்களில்தான் இருந்தது. என்னிடம் இருந்தவை தறிக்காரர் ஒருவரிடம் வாங்கிய முறுக்கு நூல், ஒரு தூக்குக்குண்டு, ஒரு டேப்பு. தூக்குக்குண்டைச் சக்கரத்தின் ஓரமாகத் தொங்கவிட்டால் சக்கரம் நெட்டாக நிற்கிறதா, தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். நூலைப் பிடித்தால் முன்சக்கரங்கள் இரண்டும் முன்னால் கொஞ்சம் ஒடுங்கி நிற்கின்றனவா, விரிந்து நிற்கின்றனவா என்று தெரியும். அவ்வளவுதான் வித்தை.

ஆனால் அதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்வேன். வழக்கமாக வண்டியில் எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று கேட்பேன். ஒருவனும் உண்மை சொன்னதில்லை. "நாலு பேரு அண்ணாச்சி" என்பார்கள். ஆடித்தபசுத் திருவிழா அன்று அதே வண்டியிலிருந்து ஒன்பது பேர் பிதுங்கி இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே எதிர்க்கடையிலிருந்து பருத்திக்கொட்டை மூட்டைகளைத் தூக்கி வந்து, முன்சீட்டில் மூன்று, பின்சீட்டில் நாலு என்று அடுக்கி, வண்டி அமுங்கிய பிறகுதான் அளப்பேன். பாரம் ஏறினால் முன்பக்கம் இறங்கும், சக்கரத்தின் சாய்வும் மாறும். காலி வண்டியில் பார்த்த அளவு காலி வண்டிக்குத்தான் ஆகும். நம் ஊரில் காலி வண்டியை யார் ஓட்டினார்கள்?

என் அக்காவைக் கட்டியவர் பருத்தி, வத்தல் மண்டி வைத்திருந்தார். கைமாறி வந்த பியட் கார் ஒன்று வைத்திருந்தார். சைக்கிளைக்கூட ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நிறுத்தத் தெரியாதவர். அந்த அத்தான் வியாபார விஷயமாக மெட்ராஸ் போனவர், யாரோ கூட்டிப்போய், பழைய விமானத் திடலில் நடந்த கார் ரேஸைப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்து என் முன்னால் நீட்டினார். அதில் ஒரு ரேஸ் மெக்கானிக் எழுதிக்கொடுத்த அளவுகள் இருந்தன.

"மாப்ளே, இது ரேஸ் செட்டிங். முன்சக்கரம் ரெண்டும் தல உள்ள சாஞ்சு நிக்கணும். முன்னால கொஞ்சம் விரிஞ்சு இருக்கணும். அப்பத்தான் வளைவுல வண்டி ரோட்டப் பிடிக்கும்."

"எந்த வளைவுல அத்தான்? திருவேங்கடம் ரோட்டுல எருமைக்கு ஒதுங்குதத விட்டா வேற வளைவு ஏது?"

பட்டறையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்குப் பரம திருப்தி.

அந்த அட்டையில் இருந்தது தப்பில்லை. ரேஸில் வண்டி வளைவுக்கு மேல் வளைவாகப் பறக்கிறது. பாரம் முழுவதும் வெளிப்பக்கத்துச் சக்கரத்தின் மேல் சரிகிறது. முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்த சக்கரம் அந்த நேரத்தில் நிமிர்ந்து, தரையில் முழுசாகப் பதிகிறது. முன்னால் விரித்து வைத்தால் திருப்பியதும் சட்டென்று திரும்புகிறது. உள்ளே இருப்பவன் ஒருத்தன். டயர் போனால் போகிறது, மாற்ற ஆள் நிற்கிறான். நம் ரோடு நேர்க்கோடு. சாய்ந்த சக்கரம் எந்நேரமும் சாய்ந்தபடியே ஓடும். உள்விளிம்பு மட்டும் தரையில் அரைபடும். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காய்கிறது? இதை இவருக்கு நான் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவருக்குச் சொல்லி என்ன விளங்கப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் அக்கா பட்டறைக்கே வந்துவிட்டாள். அவள் அங்கே வந்ததே இல்லை. எண்ணெய்த் தரையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே, நாலு பேரு முன்னால அவுகள எருமைக்கு ஒதுங்குத ஆளுன்னு சொன்னியாம்லா. நேத்துலருந்து அவுக சோறு திங்கல. 'ஒன் தம்பி, ஒன் தம்பி'ன்னு அங்கன பேச்சு கேக்குதது நான்தான? அத்தைக்காரி வேற சேந்துக்கிட்டா. கேட்டதச் செஞ்சு குடுத்துட்டுப் போயேம்ல."

நான் பேசுகிற பேச்சுக்கெல்லாம் அவள் அந்த வீட்டில் வட்டியோடு வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் கதை. "சரி, செய்யுதேன், போ" என்றேன். அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது.

செய்தேன். அக்காவுக்காகச் செய்தேன் என்றுதான் வெளியே சொன்னேன். உள்ளுக்குள், இந்த மனுஷன் பட்டுத் தெரியட்டும் என்றுதான் செய்தேன். மெல்லிய தகடுகளை வைத்துச் சக்கரங்களை உள்ளே சாய்த்தேன். அட்டையில் இருந்த அளவுக்கு ஒரு நூல் பிசகவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு அலைன்மென்ட் பார்த்ததில்லை. பருத்திக்கொட்டை மூட்டையை மட்டும் ஏற்றவில்லை.

"என்ன மாப்ளே, இன்னைக்கு மூட்டை கெடையாதா?"

"ரேஸ் வண்டில மூட்டை ஏத்துவாகளா அத்தான்?"

அவருக்கு அது பெருமையாக இருந்தது. பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது, புளியங்குடி எலுமிச்சம்பழம் நாலைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினார். சுற்றி நின்று கும்பிட்டவர்கள் எல்லாரும் பழத்தைப் பார்த்தார்கள். நான் புழுதியில் விழுந்த தடத்தைப் பார்த்தேன். முன்சக்கரத் தடத்தின் உள்பாதி மட்டும் ஆழமாகப் பதிந்து, வெளிப்பாதி பட்டும் படாமலும் இருந்தது. அதைக் காலால் தேய்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

மூன்று மாதம் அவர் போட்ட ஆட்டம் சொல்லி முடியாது. வண்டி நேர்ரோட்டில் பாம்பாக நெளிந்தது. அதையும் ரேஸ் குணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் ஹாரன் வேலை செய்யவில்லை என்று வண்டியைக் கொண்டுவந்தார். வந்தவர் முன்டயரைக் காலால் தட்டிக் காட்டினார்.

"பாத்தியா மாப்ளே, ரேஸ் செட்டிங்னதும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியே, டயருல ரப்பர் பட்டன் ஒரு பொட்டு கொறையல."

வெளியே நின்று பார்த்தால் குறையவில்லைதான். நான் ஹாரன் கம்பியைப் பார்க்கிற சாக்கில் குனிந்து, டயரின் உள்பக்கம் கையை விட்டேன். மொழுமொழுவென்று கத்தரிக்காய் மாதிரி இருந்தது. இடது சக்கரத்தில் ரப்பருக்கு அடியில் இருக்கிற கான்வாஸ் துணியே விரலில் தட்டியது.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். ஹாரன் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். டயர் பஞ்சராகி, எங்காவது நடுரோட்டில் நின்று, வேர்த்து விறுவிறுத்து இந்த ஆள் என் பட்டறை வாசலில் வந்து நிற்பார். அப்போது நாலு பேர் முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். வேலை செய்யும்போதெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். அந்த வண்டியில் வேறு யார் யார் ஏறுவார்கள் என்று, ஊரில் எல்லாரையும் கேட்கிற நான், என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இருபது நாள் கழித்து, ராஜபாளையத்தில் துணி எடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். முன்சீட்டில் அத்தான், நடுவில் அவருடைய அம்மா, இடது ஜன்னலோரம் அக்கா. பின்னால் அஞ்சு பேர். பாதி வழியில் இடது முன்டயர் வெடித்து, வண்டி ரோட்டை விட்டிறங்கி, இடது பக்கமாகப் புளியமரத்தில் போய் மோதியது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அக்காவுக்கு இடது தோளும் முழங்கையும் நொறுங்கிவிட்டன.

ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடித்து ஓடினேன். கட்டிலில் கட்டுப் போட்ட கையோடு கிடந்தாள். நெற்றியில் பிளாஸ்திரியோடு அத்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும் அழவில்லை.

"ஏலே, டயரு உள்பக்கம் பூராத் தேஞ்சு போயிருந்துச்சாம்லா, பாத்தவுக சொல்லுதாக. அந்த செட்டிங் வச்சா அப்படித் தேயும்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாதவனையெல்லாம் முட்டாள் என்று ஏசியே வளர்ந்த வாய் என்னுடையது.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவள் மேற்கொண்டு கேட்பதற்குள் அத்தான் குறுக்கே வந்தார். "அவனப் போயி என்னத்தக் கேக்க? அவனுக்கு எப்படித் தெரியும்? இது மெட்ராஸ்காரன் சமாச்சாரம்லா. அவன் இஷ்டமில்லாமத்தான் நின்னான், நான்லா கட்டாயப்படுத்துனேன்." சொல்லிக்கொண்டே என் தோளில் கையைப் போட்டார். அந்த மனுஷன் அழுதார். நான் வெறுக்க ஒன்றும் கிடைக்காமல் நின்றேன்.

அக்காவின் கை கூடியது, ஆனால் தோளுக்கு மேலே தூக்க வராது. இன்றுவரை அவளுக்கு வேறு யாராவதுதான் தலை பின்னிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தவர்களிடம் அந்த விபத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அத்தான் என்னை விட்டுக்கொடுக்கவே மாட்டார். "லாரி, பஸ்னா என் மாப்ள புலி. காரு அவனுக்கு அவ்வளவாத் தெரியாது" என்பார்.

நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். அப்போது அக்கா மட்டும் என் முகத்தையே பார்ப்பாள்.