இரண்டாம் சரணம் முடிந்ததும் ஒரு சேவல்

என் பாட்டை நான் தப்பாகப் பாடுகிறேன் என்று எனக்கே திருத்தம் சொன்னவள் என் மருமகள். அப்போது அவள் இன்னும் மருமகளாகவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கலும்பாங்கிலிருந்து கோலசிலாங்கூருக்கு எங்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தாள். உட்காரம்மா என்றால் கேட்கவில்லை. சமையல்கட்டுக்குள் நுழைந்து, பூண்டை இழுத்து வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்துவிட்டாள். கைபேசியை அரிசி வாளியின் மூடிமேல் சாய்த்து வைத்தாள்.

"ஆன்ட்டி, ஒரு பாட்டு போடுறேன், கேளுங்க. நாங்க மண்டபத்துக்குள்ள நடந்து வரும்போது இதத்தான் பாடணும்னு பேண்டுகாரங்ககிட்ட சொல்லிட்டோம்."

முதலில் வயலின் வந்தது. பிறகு ஒரு இளம்பெண்ணின் குரல். முதல் அடி காதில் விழுந்ததுமே என் கையிலிருந்த கத்தி வெங்காயத்தின் பாதியில் நின்றுவிட்டது. மழையே, நீ விட்டுவிடாதே, விட்டால் என் வீட்டு வாசலில் ஒதுங்கி நிற்கிறவன் போய்விடுவான் என்று ஒரு பெண் மழையிடம் கெஞ்சுகிற பாட்டு. கல்யாணமாவதற்கு முன்பு எங்கள் ரப்பர் தோட்டத்து இசைக்குழுவில் நான் பாடிய பாட்டு.

மனசு திகைத்து நின்றாலும் வாய் நிற்கவில்லை. அது பாட்டுக்கு அந்தப் பெண்ணோடு சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டது. முதல் சரணம் முடிகிற இடத்தில் நான் கொஞ்சம் இழுப்பேன். அன்றைக்கும் இழுத்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, வெகு மரியாதையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்:

"ஆன்ட்டி, அங்க அப்படி இழுக்கக்கூடாது. ஒரிஜினல்ல அப்படி இல்ல."

முன்கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குப் புரை ஏறியது. இருமி முடிக்க வெகுநேரம் ஆனது.

"எதும்மா ஒரிஜினல்?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இவங்க பாடுனதுதான் ஆன்ட்டி" என்று கைபேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சுருட்டை முடியோடு ஒரு பெண், கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். கோலாலம்பூர்ப் பெண்ணாம். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை எட்டிப் படித்தேன். பழைய ரப்பர் தோட்டத்து நாட்டுப்பாடல், முதலில் பாடியவர் யாரென்று தெரியவில்லை என்று போட்டிருந்தது.

தெரியவில்லையாம்! தெரியாத ஆள் இங்கே குத்துக்கல்லாட்டம் உயிரோடு நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறாள். பாட்டைத் தேடி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஆளைத் தேடத் தெரியாதா? தஞ்சோங் காராங் சந்தையில் வந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் மீன் விற்கிறவர்கூட என் வீட்டுக்கு வழி சொல்லியிருப்பார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அன்றைக்கு அதைத் தாண்டியும் போனது. வெங்காயம் எல்லாம் தூள் தூளாகிவிட்டது.

அவள் போனதும் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். இவர்தான் அந்தக் குழுவில் தபேலா வாசித்தவர். என் பாட்டுக்குத் தாளம் தட்டித் தட்டியே என்னைக் கட்டிக்கொண்டவர்.

"சொல்ல வேண்டியதுதானே லா" என்றார்.

"நானே போய், இது நான் பாடுனதும்மான்னு தம்பட்டம் அடிக்கணுமாக்கும்?"

"அப்ப நான் சொல்றேன்."

"சொன்னீங்க, கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். பையன் கிட்டேயும் மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். மகனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு விவரம் தெரிகிற முன்பே தோட்டத்து ஆட்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள், குழுவும் கலைந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்த அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சம்பல் கிண்டுகிற அம்மாதான்.

தம்பட்டம், கௌரவம் என்றெல்லாம் நான் பேசியது வெளிவேஷம். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். அந்தக் கோலாலம்பூர்ப் பெண் நன்றாகப் பாடியிருந்தாள், பாவி. அதுதான் என் வயிற்றெரிச்சலே. மூன்றாம் சரணத்தில் மழையே என்று மேலே ஏறி நிற்க வேண்டிய இடத்தில் அவள் அலட்டாமல் ஏறி நின்றாள். என் குரல் இப்போது பாதி வழியிலேயே உடைந்துவிடும். சொன்னால், பாடுங்க ஆன்ட்டி என்பாள் மருமகள். பாடினால் உடையும். புதுசுதான் நல்லாருக்கு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பாள். அதைவிட, பாடியவர் தெரியவில்லை என்பதே தேவலாம் என்று தோன்றியது.

ஆனாலும் யாராவது தானாகக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று தினமும் ஏங்கினேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கியவளும் நான்தான். இந்த மனசு இருக்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாது.

அந்தப் பாட்டைப் பதிவு செய்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பட்டணத்து ஸ்டூடியோவுக்கெல்லாம் எங்களுக்கு வழியில்லை. எங்கள் குழுத் தலைவர் யாரிடமோ கெஞ்சி ஒரு பதிவுக் கருவியையும் அதை இயக்கத் தெரிந்த ஆளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கே கூட்டி வந்துவிட்டார். இடம், ஆயாக்கொட்டகை. தாய்மார்கள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது. ஞாயிறன்று காலியாக இருக்கும். பிள்ளைகளைப் போடுகிற ஏணைத் துணிகளையெல்லாம் சுவரோரமாகத் தொங்கவிட்டால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்ததும் எங்கள் தலைவர்தான்.

லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு கோழி. பதிவு முடிகிறவரை எல்லாரும் சேவல்களைக் கூடை போட்டுக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போர்த்திவிட வேண்டும் என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்தோம். இருட்டாக்கிவிட்டால் சேவல் ராத்திரி என்று நினைத்துச் சும்மா இருக்கும். எல்லாரும் அப்படியே செய்தார்கள். ஒரே ஒருவரைத் தவிர. பின் லயத்து மாமா ஒருவர், அவர் சேவல் மகா வாயாடி. கூடைக்கும் சாக்குக்கும் அது மசியாது என்று அவருக்குத் தெரியும். என்ன செய்யலாம் என்று யோசித்தார். இன்றைக்குத் தோட்டத்திலேயே ஆள் சத்தம் இல்லாத இடம் எது? ரெக்காடிங் நடக்கிற இடம்தானே! சத்தம் இல்லாத இடத்தில் சேவலும் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, விடிந்தும் விடியாமலும் அதைக் கூடையோடு தூக்கி வந்து, மரக்கால்கள்மேல் பலகைத் தரையோடு நிற்கிற ஆயாக்கொட்டகைக்கு அடியில், சரியாக என் காலுக்குக் கீழே ஒளித்துவைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் சரணத்தின் முடிவில் நான் குரலை மேலே ஏற்றி நிறுத்தினேன். கீழேயிருந்து பதில் வந்தது.

கொக்கரக்கோ!

எல்லாரும் உறைந்துபோனோம். மறுபடி முதலிலிருந்து பாடினேன். அதே இடத்தில் அது மறுபடி கூவியது. மற்ற நேரத்தில் மூச்சுக் காட்டவில்லை. அந்த இடத்து உச்சக் குரல் கேட்டால் மட்டும் அதற்கு ரோஷம் வந்துவிடும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் லயம் லயமாக ஓடித் தேடினோம். யாருக்கும் பலகைக்கு அடியில் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. அதற்குள் தோட்டத்து மின்சாரத்தை நிறுத்துகிற நேரம் வந்துவிட்டது. கடைசியாகப் பாடியதே நாடாவில் நின்றது, சேவலோடு. தலைவர் போட்டுக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"விடுங்கப்பா. சுருதி சுத்தமாதான் கூவியிருக்கு."

உண்மை. தாளமும் தப்பவில்லை. கேசட் கடற்கரைப் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் சுற்றியது. அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்தில் அந்தப் பாட்டைப் பாடினாலும், இரண்டாம் சரணம் முடிந்ததும் நான் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பந்தலில் இருக்கிற அத்தனை பேரும், தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு அம்மா உட்பட, கழுத்தை நீட்டிக் கூவுவார்கள். அப்படிக் கூவாவிட்டால் கல்யாணம் களைகட்டவில்லை என்று அர்த்தம்.

கலும்பாங் உள்நாட்டுப் பக்கம். அங்கே இந்தக் கூவலெல்லாம் போய்ச் சேரவில்லை. அதனால்தான் அடுத்த முறை வந்தபோது மருமகள் கண்களை அகலமாக்கி இப்படிச் சொன்னாள்.

"ஆன்ட்டி, ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் புல்லாங்குழல்ல ஒரு சின்ன பிட் வருதுல்ல, அதுக்காகவே இந்தப் பாட்டை எடுத்தேன். கேட்டா எனக்கு அழுகையே வந்துரும். காட்டுக்குள்ள ஏதோ பறவை தனியா கூப்பிடுதாம்."

கோலாலம்பூர்க்காரர்கள் என் சேவலைப் புல்லாங்குழலாக மாற்றிவிட்டிருந்தார்கள், முதல் தடவை கேட்டபோது கோபத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை! அடுப்பில் பால் என்று சொல்லிவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினேன். வீட்டுக்காரர் ஏற்கெனவே அங்கே துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்கு விலா வலித்தது.

கல்யாணம் வந்தது. காலையில் கோலசிலாங்கூர் தேவாலயத்தில் தாலி, மதியம் தஞ்சோங் காராங் மண்டபத்தில் விருந்து. எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் சுங்கை பெசாரிலிருந்தும் சுங்கை ஆயர் தாவாரிலிருந்தும் கார் கார்களாக வந்து இறங்கினார்கள். பின் லயத்து மாமாவும் பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு, பேரன் கையைப் பிடித்தபடி வந்திருந்தார். இவர்கள் வாயை யார் கட்டுவது? கட்டாமல் விட்டால்தான் என்ன என்றும் இன்னொரு பக்கம் தோன்றியது.

பேண்டில் ஒரு சின்னப் பெண் பாட ஆரம்பித்தாள். கதவு திறந்து, மகனும் மருமகளும் கைகோத்து நடந்து வந்தார்கள். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். முதல் சரணம் போனது. தோட்டத்து ஆட்களின் மேசைகளில் சோற்றில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. இரண்டாம் சரணம் முடிந்தது. கீபோர்டில் புல்லாங்குழல் எழுந்தது.

கொக்கரக்கோ!

மண்டபத்தின் பாதி எழுந்து நின்று கூவியது. பட்டுச்சேலைகள், கோட்டுகள், பல்செட்டுகள், எல்லாம் சேர்ந்து. பாடுகிற பெண் மைக்கைக் கீழே போட்டுவிட்டாள். கலும்பாங் சம்பந்தி வீட்டார் ஏதோ ஆகிவிட்டது என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். மருமகள் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த அமைதியில் பின் லயத்து மாமா மார்பைத் தட்டிக்கொண்டு கத்தினார்.

"அது என் சேவல்!"

"என்ன மாமா?" என்றான் மகன்.

"என் சேவல்தான்டா அந்தப் பாட்டுல மொதல்ல பாடுனது! உங்கம்மா கூட ஜோடியா பாடுச்சு. கேட்டுப் பாரு!"

பார், அத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இரண்டாமிடம்தான்.

எல்லார் கண்ணும் என்மேல் திரும்பியது. மருமகளுக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கனத்த சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புருஷனை நடுவழியில் விட்டுவிட்டு, நேராக என்னிடம் ஓடி வந்தாள்.

"அத்தை! உங்க பாட்டுக்கு உங்களுக்கே நான் திருத்தம் சொன்னேனே!"

அதுவரை ஆன்ட்டிதான். முதல் தடவையாக அத்தை என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பரவால்ல லா" என்றேன்.

நான் பயந்ததே நடந்தது. "மிச்சத்தை நீங்க பாடுங்க அத்தை" என்று மைக்கை எடுத்து என் கையில் திணித்தாள். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே மேசைமேல் விரலால் தாளம் தட்ட ஆரம்பித்திருந்தார். வேறு வழியில்லை. மூன்றாம் சரணத்தை எடுத்தேன். கீழ்க்குரல் அப்படியே இருந்தது, எனக்கே ஆச்சரியம். மெதுவாக ஏறினேன். மழையே என்று நிற்க வேண்டிய இடம் வந்தது. போனேன், எட்டினேன், உடைந்தது.

உடைந்த அந்தக் கணத்திலேயே மண்டபம் மொத்தமும் கூவியது. மூன்றாம் சரணத்தில் கூவுகிற வழக்கமே கிடையாது. அவர்களுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் கூவினார்கள். என் உடைந்த குரல் அந்தக் கொக்கரக்கோவுக்குள் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே பாட்டை முடித்தேன்.

எல்லாரையும்விடப் பலமாகக் கூவியது என் தோளுக்குப் பக்கத்தில். திரும்பினேன். கழுத்து நிறைய நகையோடு, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, கலும்பாங்காரி கூவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இழுத்துக்கொண்டே போனாள். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை.

அவள் காதோரம் குனிந்தேன்.

"அங்க அப்படி இழுக்கக்கூடாதும்மா" என்றேன். "ஒரிஜினல்ல அப்படி இல்ல."