தலைக்கு நேராக நின்ற சுவாதி

மொட்டை மாடிக்கு வந்ததும் சிவசுப்பிரமணியன் உடனே வானத்தைப் பார்த்துவிடமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்வார். தெருமுனை விளக்கு கண்ணில் அடிக்காமலிருக்க இடது உள்ளங்கையைப் புருவத்தோரம் மறைப்பாக வைப்பார். அந்த விளக்கை அங்கே மாட்டியவரே அவர்தான் என்பது வேறு விஷயம். பிறகு வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பிடித்து, அதன் வால் வளைந்து போகிற போக்கிலேயே வலது ஆள்காட்டி விரலை மெல்ல இழுத்துக்கொண்டு வருவார். ஆரஞ்சு நிறத்தில் எரிகிற ஒரு நட்சத்திரத்தில் விரல் வந்து நிற்கும். எதிர்வீட்டுக்காரரைக் கண்டால் செய்வதுபோல அதற்கு ஒரு தலையசைப்பு. விரல் இன்னும் கொஞ்சம் தெற்கே இறங்கும். அங்கே வெள்ளையாக ஒன்று.

"அது நான். இது நீ."

காய்ந்த துணிகளைத் தோளில் அள்ளிப்போட்டபடி மங்கையர்க்கரசி சொல்வாள், "சரி, ரெண்டு பேரும் அங்கயே பேசிக்கிட்டு இருங்க. நான் கீழ போயி தோசை ஊத்துறேன்."

அவருக்குச் சுவாதி, அவளுக்குச் சித்திரை. ஆனால் அவளுக்கு ஜாதகம் இருந்தது. அவருக்கு இல்லை.

சுரக்குடியில் சம்பா அறுவடை நேரம், மாசி மாதம், சிவராத்திரி. களத்தில் நெல்லுக்குக் காவலாகப் படுத்திருந்த இடத்திலேயே அவருடைய அம்மாவுக்கு வலி எடுத்திருக்கிறது. வீட்டுக்குத் தூக்கிப் போக நேரமில்லை. விடிவதற்கு முன்னால், வைக்கோலின் மேல், பிள்ளை பிறந்தது. சிவராத்திரியில் பிறந்ததால் பெயரில் சிவன் வந்தார். நாள் குறித்து எழுதிவைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அவர் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா போய்விட்டாள். ஒரு போட்டோகூட இல்லை. முகமும் சரியாக ஞாபகமில்லை. மிஞ்சியது ஒரு வாக்கியம்தான்: "நீ பொறந்தப்ப ஒரு செவப்பு வெள்ளி என் தலைக்கு நேரா நின்னுச்சுடா."

கொஞ்சம் வளர்ந்ததும் அந்த நட்சத்திரத்துக்குச் சுவாதி என்று பெயர் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் சுவாதி. திருநள்ளாற்றில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதெல்லாம் பெயருக்கு முன்னால் நட்சத்திரத்தைச் சொல்லிவிடுவார்.

நிரவிக்குப் பெண் பார்க்க வந்த சாயங்காலத்திலும் அப்படித்தான். மங்கையின் அப்பா திருஞானசம்பந்தம், விதை விடுவதற்குக்கூடப் பஞ்சாங்கம் பார்க்கிற மனுஷர். மாப்பிள்ளையின் ஜாதகத்தைக் கேட்டார். மாப்பிள்ளை எழுந்து அவரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், இருட்டத் தொடங்கிய வானத்தில் விரலை நீட்டினார். "அந்தா இருக்கே, அதுதாங்க மாமா. எங்க அம்மா பாத்தது." களத்துக் கதையையும் சிவராத்திரியையும் சொன்னார். அப்பா வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைவிட அதிக நேரம் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "சுவாதி. ரொம்ப நல்லது தம்பி," என்றார். சமையல்கட்டு ஜன்னல் வழியாக மங்கை முதன்முதலில் கண்டது மாப்பிள்ளையின் முகத்தை அல்ல, அந்த விரலைத்தான்.

கல்யாணமான புதிதில் அரசலாற்றங்கரைக்குப் பக்கத்தில் வாடகை வீடு. அவர் மின்துறையில் லைன்மேன். ஆனாலும் வீட்டில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். பல்பு சிவந்து முனகும். லைன்மேன் வீட்டிலேயே இந்த லட்சணமா என்று அவள் கேட்பாள். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குக் கூட்டிப்போவார். கடல்காற்று வந்தால் கொசு இருக்காது. வராவிட்டால் இருவரும் தட்டிக்கொண்டே பேசுவார்கள். அந்தப் பல்பை வைத்துத்தான் அவர் அவளுக்கு நட்சத்திரத்தைச் சொன்னார்.

"முழு கரண்ட் ஏறுனா பல்பு வெள்ளையா எரியுது. கொறைஞ்சா ஆரஞ்சா எரியுதுல்ல? நட்சத்திரமும் அதே கணக்குதான். சூரியன் மேல சூடு அஞ்சாயிரத்து ஐந்நூறு டிகிரி. இது நாலாயிரம்தான்."

"அப்ப உங்க நட்சத்திரம் லோ வோல்டேஜா?"

"சூடுதான் கம்மி. அளவு பாத்தியா, சூரியனப்போல இருபத்தஞ்சு மடங்கு அகலம். வெளிச்சம் நூறு மடங்குக்கு மேல. நடுவுல எரிய வேண்டியது எரிஞ்சு தீந்துபோச்சு, அதனால வெளிப்பக்கம் உப்பிக்கிட்டு வருது. எடை மட்டும் சூரியனவிடக் கொஞ்சம்தான் கூட."

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்பிலிருந்து ஒரு செய்தி, யாரோ வாத்தியாரிடம் கேட்டு ஒரு செய்தி, மகள் தேவிகாவின் பாடப் புத்தகத்திலிருந்து ஒன்று, கடைசியில் செல்போன் என்று, வேறொருவர் சொந்த ஊர்ச் செய்தியைச் சேர்ப்பதுபோல அவர் அதைப் பற்றிச் சேர்த்துக்கொண்டே வந்தார். இப்போது கண்ணுக்கு வருகிற வெளிச்சம் முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் கிளம்பியது என்பார். ஐம்பது வயதில் அவருக்குத் தொந்தி விழுந்தபோது மங்கை சொன்னாள், "எடை கூடலைங்க. வெளிப்பக்கம்தான் உப்பிக்கிட்டு வருது." வாரக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தார்.

போன வருஷம் பணி ஓய்வு நெருங்கியபோது, அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. பெங்களூரிலிருந்து தேவிகா விடுப்புக்குத் தேதி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரம் வருகிற நாளில்தான் அதைச் செய்வார்கள். ஆனி மாதத்தில் ஒரு காலை, அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், மங்கை குருக்களுக்குப் போன் செய்தாள்.

"மாசி மாசம், சுவாதிங்க சாமி. சிவராத்திரி விடிகாலையில பொறந்தவங்க."

"சிவராத்திரியன்னிக்கு சுவாதி வராதேம்மா. வருஷம் என்ன?"

சொன்னாள். குருக்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, "அவிட்டம்," என்றார். "தலைக்கு மேல தெரியறது ஜன்ம நட்சத்திரம் இல்லேம்மா. சந்திரன் எதுகிட்ட நிக்கறதோ அதுதான். சிவராத்திரின்னா அமாவாசைக்கு முந்தின நாள். மாசியில சந்திரன் அப்ப சுவாதிக்குப் பக்கத்துலயே இருக்காது."

போனை வைத்தபின் மங்கை அரிந்த வெண்டைக்காயையே மறுபடி அரிந்துகொண்டிருந்தாள். சொல்லாமல் சுவாதியிலேயே வைத்துவிடலாம். ஆனால் அது பொய்யான நாளில் செய்கிற சடங்கு. சொன்னால், அம்மா என்று அவரிடம் இருக்கிற ஒன்றே ஒன்றைப் பிடுங்கினதாகிவிடும். அவர் வந்து, "தேதி கெடைச்சுதா?" என்று கேட்டார். "லைன் கெடைக்கலைங்க," என்றாள். லைன்மேனிடம் சொல்ல நல்ல பொய்தான்.

மாங்கனித் திருவிழாவுக்கு முதல் நாள் மாலை, தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். மாடிக்கு மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சுவாதி உச்சியில் நின்றது. தென்கிழக்கே நிலா கிட்டத்தட்ட முழுதாக ஏறியிருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்து, மங்கை நிலாவைக் காட்டினாள்.

"என்னங்க, இப்ப ஒரு புள்ள பொறந்தா அதுக்கு என்ன நட்சத்திரம்?"

"சுவாதி. உச்சியில நிக்கிதே."

"இல்லையாம். அந்த நிலாகிட்ட இருக்கிறதாம்." குருக்கள் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டாள். அவிட்டம் என்ற சொல்லைக் கடைசியில் சொன்னாள்.

அவர் உயர்த்தியிருந்த கையை இறக்கவில்லை. விரல் மட்டும் மடங்கிக்கொண்டது. கீழே ஒரு மேளக் கோஷ்டி கடந்து போயிற்று.

"அறுவது வருஷமா எவன் நட்சத்திரத்தையோ சொல்லி அர்ச்சனை பண்ணியிருக்கேன்," என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அப்ப அம்மா சொன்னது?"

"அம்மா என்ன சொன்னாங்க? சுவாதின்னா சொன்னாங்க? தலைக்கு நேரா நின்னுச்சுன்னாங்க. நின்னுதானே இருக்கு. ஊரே கோயில்ல முழிச்சிருக்க, அவங்க வலியில அதைப் பாத்துக்கிட்டே கெடந்திருக்காங்க."

அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். மறுபடி அண்ணாந்து பார்த்து, பழைய குரலில், "அது நம்ம கூட்டத்துல சேந்ததே இல்ல தெரியுமா," என்றார். "மத்த நட்சத்திரமெல்லாம் சூரியனோட ஒரே போக்குல போகுது. இது குறுக்கால வெட்டிக்கிட்டு எங்கேயோ போயிட்டிருக்கு. ஒரு காலத்துல கண்ணுக்கே தெரியாமப் போயிடும்."

"இப்போதைக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுது," என்றார். பிறகு, "அவிட்டத்துக்கே தேதி கேட்டுடு," என்றார்.

மாசியில், அவிட்டத்தன்று, திருக்கடையூரில் எல்லாம் நடந்தது. கலச நீர் ஊற்றி நனைந்துபோயிருந்தவர், சங்கல்பத்தில் குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது அரை நொடி தயங்கி, "அவிட்டம்," என்றார். மங்கைக்கு அப்போது அவருடைய ஈரத் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. தொட்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் மங்கையின் சித்தி சொர்ணாம்பாள் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். எண்பது வயதிலும் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். "ஒருவழியா அவிட்டம்னு சொல்லிட்டாரா?" என்றாள்.

மங்கை இலையிலிருந்து கையை எடுத்தாள். "ஒனக்கு எப்படித் தெரியும் சித்தி?"

"கொல்லையில நின்னு சிவராத்திரின்னு சொன்னப்பவே எங்க அத்தானுக்கு, அதான் ஒங்கப்பாவுக்கு, தெரிஞ்சுபோச்சுடி. மறுநாளே திருநள்ளாறு போயி விசாரிச்சுட்டு வந்தாரு. அவிட்டத்துக்கும் சித்திரைக்கும் ஒரே ரஜ்ஜு, தாலிக்கு ஆகாது, முடிக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எங்கிட்ட மட்டும் சொன்னாரு, 'சொர்ணம், தாயில்லாப் புள்ள, அம்மா காட்டுனதுன்னு நம்பிக்கிட்டு நிக்கிறான், அதை நான் போயி இல்லேங்கவா'ன்னு. சுவாதின்னு வச்சே பொருத்தம் பாக்கச் சொல்லிட்டாரு."

மங்கையின் அம்மாவுக்குக்கூட அப்பா அதைச் சொல்லவில்லையாம்.