கல்லோரம் சாய்த்து வைத்த செருப்பு

ரம்யா செருப்பைக் கழற்றி வைப்பதை நின்று பார்க்கலாம். கணினி ஆய்வகத்து வாசலில் நாங்கள் காலை உதறிவிட்டு உள்ளே ஓடுவோம். ஒன்று கவிழ்ந்து கிடக்கும், இன்னொன்று யாருடைய செருப்பின் மேலாவது ஏறி நிற்கும். அவள் குனிவாள். இரண்டையும் கையில் எடுத்து, அடியும் அடியும் ஒட்டும்படி சேர்ப்பாள். வார் பிய்ந்த இடத்தில் குத்தியிருக்கும் ஊக்கு மூடியிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். பிறகு சுவரோரம் பக்கவாட்டில் நிறுத்தி லேசாகச் சாய்த்துவிடுவாள், அலமாரியில் புத்தகத்தைச் செருகுவதுபோல. அப்படி வைத்தால் யாரும் மிதிக்க முடியாது, அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு போகவும் முடியாது.

அவளுக்கு மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு காலனி. சங்கராபுரம் வழியாக இரண்டு பஸ் மாறிக் கள்ளக்குறிச்சிக்கு வருவாள். அப்பா இல்லை. அம்மா ராஜாம்பாள் கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் போகிறவர். அண்ணன் சந்தோஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஊரில் தாய்மாமன் ஒருவர் மாப்பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தார். "டிகிரி முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று ராஜாம்பாள் எல்லோர் வாயையும் அடைத்து வைத்திருந்தார். சந்தோஷ் மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தான்.

"காலேஜ்லருந்து ஒரே ஒரு பேச்சு வூட்டுக்கு வந்தா போதும்டா. அன்னிக்கே படிப்பு நின்னுடும், மாசியிலயே கல்யாணம்" என்று ரம்யா எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவளைக் கதாநாயகியாக வைத்து நாங்கள் ஒரு த்ரில்லர் எடுத்தோம். வீட்டில் அவள் சொன்ன பெயர், பிராஜக்ட்.

கொரோனா கொஞ்சம் அடங்கிக் கடைசி வருட மாணவர்களுக்கு மட்டும் கல்லூரி திறந்திருந்தது. டைரக்டர் பிரவீன்குமார், கேமராவும் அவனுடைய போன்தான். பிவிசி பைப்பை வளைத்து அவனே ஒரு கைப்பிடி செய்திருந்தான். வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கக் கேக் கடையில் கேட்டு வாங்கிய வெள்ளி அட்டை. ரத்தத்துக்கு பீட்ரூட். கதை இதுதான்: மலைச் சாலையில் ஒரு பெண்ணை வேனில் கடத்துகிறார்கள், தன்னைக் கடத்தச் சொன்னதே அந்தப் பெண்தான் என்று கடைசியில் தெரியும். வசனம் நான். நவீன கவிதைத் தொகுப்பு ஒன்று எப்போதும் பையில் இருந்ததால் எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

"இன்னா கவிஞரே, என்னக் கடத்தினு போறாங்க, நான் எட்டு வரி பேசிக்கினு நிக்கறேன்" என்றாள் ரம்யா, தாளைப் படித்துவிட்டு. "இவ்ளோ நேரம் பேசினா கடத்தறவன் டீ குடிக்கப் போயிடுவான்."

எட்டு வரியும் போனது. 'வுடு' என்ற ஒரு சொல் மிஞ்சியது. பிறகு யோசித்தபோது அவள் வெட்டியதுதான் சரி என்று பட்டது.

கடத்துகிறவன் வேடியப்பன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரன். எங்கள் வகுப்பிலேயே உயரம், எங்கள் வகுப்பிலேயே சாது. வேன் சுபாஷுடையது, அதாவது அவன் சித்தப்பாவுடைய ஆம்னி.

அது இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த தை மாதம். ஒருநாள் தாலுகா ஆபீஸ் வாசலில் கூட்டம், இன்னொரு நாள் மறியல். காலையில் பஸ் ஏறும்போது சாயங்காலம் பஸ் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவோம். சுபாஷின் சித்தப்பா அந்தச் சங்கத்தில் தீவிரமானவர். ஆம்னி ஷூட்டிங்குக்கு முந்தின நாள்வரை கூட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓடியிருந்தது. வண்டி முன்னால் சங்கத்துக் கொடி. பின்கண்ணாடியில் பாதியை அடைத்துக்கொண்டு சங்கத்து ஸ்டிக்கர்.

கொடியைச் சுபாஷ் அவிழ்த்து மடித்து சீட்டுக்கடியில் வைத்தான். ஸ்டிக்கரை அவன் சுரண்டப் போனபோது பிரவீன் தடுத்தான்.

"வுட்ரா, பின்னாடி ஃப்ரேம்லயே வராது. சுரண்டினா உங்க சித்தப்பா நம்மளச் சுரண்டிடுவாரு."

எங்கள் போனுக்குத் தெரியாதது உலகத்துக்கும் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

கல்வராயன்மலை அடிவாரத்து டீக்கடையில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஷூட்டிங் என்று சொன்னால் பாதிக் கூட்டம் பின்னாலேயே வரும். "கல்யாணப் பத்திரிகை வைக்கப் போறோம்ணா" என்றான் பிரவீன். கடைக்காரர் வண்டிக்குள் ரம்யாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

நாங்கள் தேர்ந்தெடுத்த வளைவில் ஒரு கிலோமீட்டர் கல் இருந்தது. கீழே பள்ளத்தில் மரவள்ளிக் காடு. எல்லோருக்கும் முகக்கவசம், படத்திலும். "கொரோனாவால மேக்கப் செலவு மிச்சம்" என்றான் சுபாஷ். ஊக்குக் குத்திய செருப்போடு ஓடினால் வார் அறுந்துவிடும் என்று ரம்யா செருப்பைக் கழற்றினாள். அடியோடு அடி சேர்த்தாள். ஊக்கை அழுத்தினாள். கல்லோரம் சாய்த்தாள்.

"செருப்பு ஃப்ரேம்ல வருது" என்றான் பிரவீன்.

அவள் எடுத்துக் கல்லுக்கு அந்தப் பக்கம் சாய்த்து வைத்தாள்.

வேடியப்பன் அவளைத் தூக்க மூன்று முறை தோற்றான். முதல் முறை "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டான். இரண்டாம் முறை அவள் சிரித்துவிட்டாள். மூன்றாம் முறை அவனே வழுக்கி உட்கார்ந்தான். நாலாவது முறை அவள் நிஜமாகவே அலறினாள். "வுடு! வுடுறா!" கால்கள் தாரில் தேய்ந்தன, வேடியப்பனின் முகக்கவசம் காதிலிருந்து கழன்று தொங்கியது, வேன் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அப்போதுதான் மேல்வளைவில் ஒரு பைக் நிற்பதைப் பார்த்தேன். இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கையில் போன்.

"வேடிக்கை பாக்கறாங்க, கண்டுக்காத. கட் சொல்லல இன்னும்" என்றான் பிரவீன்.

வேன் வளைவைத் தாண்டிப் போய் நிற்பதற்குள் பைக் திரும்பிப் போய்விட்டது.

மலையில் சிக்னல் கிடையாது. இன்னும் சில காட்சிகளை எடுத்துக்கொண்டு மூன்று மணி வாக்கில் இறங்கினோம். கோமுகி அணைத் தண்ணீர் கண்ணில் படுகிற இடத்தில் ஐந்து போன்களும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. நிற்கவேயில்லை. சுபாஷ் வண்டியை அணைக்கரை ஓரம் நிறுத்தினான்.

மேலேயிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த வீடியோ. ஒரு பெண்ணை ஒருவன் வேனுக்குள் இழுக்கிறான். அவள் அலறுகிறாள். எங்கள் கேமரா இருக்கும் இடத்தைப் புதர் மறைத்திருக்கிறது. வேடியப்பனின் முகம் தெரிகிறது. எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பின்கண்ணாடி ஸ்டிக்கர்.

அதன்கீழ் ஒரு குரல் பதிவு: "கல்வராயன்மல ரோட்ல நம்ம பொண்ண தூக்கினு போறானுங்க. ஸ்டிக்கரப் பாத்துக்கோங்க, எந்தச் சங்கம்னு. எல்லாரும் அடிவாரத்துக்கு வாங்க."

சுபாஷின் போனில் வேறு குரல்: "போராட்டத்தக் கெடுக்கறதுக்குன்னே நம்ம பேர்ல எவனோ செட்டப் பண்றான். வண்டியப் புடிக்கணும். எல்லாரும் வாங்க."

மூன்றாவதாக டீக்கடைக்காரர்: "காத்தால எங்கிட்ட பத்திரிகை வைக்கப் போறோம்னு சொன்னானுங்க. அப்பவே எனக்கு டவுட்டு."

சுபாஷ் இறங்கி ஓடி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். ஒரு மூலைகூட வரவில்லை.

"திரும்ப மேல போயிடலாம்டா. எங்க ஊர்ல இருங்க, நாளைக்கு எறங்கலாம்" என்றான் வேடியப்பன். "என் மூஞ்சி தெரியுது."

"நாளைக்குள்ள கீழ ரெண்டு ஊரும் அடிச்சிக்கினு செத்துடும்" என்றான் பிரவீன். "நம்ம ஒரிஜினல் வீடியோவப் போடலாம். மேக்கிங்னு போட்டு. ரம்யா மூஞ்சிய மறைச்சுடறேன்."

"மூஞ்சிய மறைச்சா எவன்டா நம்புவான்? கடத்தினவனே போட்டான்னு சொல்லுவான்" என்றான் சுபாஷ்.

அது உண்மை. எல்லோரும் ரம்யாவைப் பார்க்காமல் அணையைப் பார்த்தோம். முகத்தைக் காட்டினால் மணலூர்பேட்டைக்குத் தெரியும், திருப்பூருக்குத் தெரியும். ஒரு பேச்சு போதும் என்றிருந்தான் அண்ணன். இது ஊர் முழுக்கப் பேச்சு. காட்டாவிட்டால் வேடியப்பன் மாட்டுவான். யார் கையில் முதலில் மாட்டுவான் என்பதுதான் தெரியாது.

தூரத்தில் பைக் சத்தம் கேட்டது. ஒன்றல்ல.

ரம்யா இறங்கினாள். செருப்பைக் கழற்றினாள். சேர்த்தாள், ஊக்கை அழுத்தினாள், அணைக் கைப்பிடிச் சுவரோரம் சாய்த்தாள். முகக்கவசத்தை இழுத்துத் தாடைக்குக் கீழே விட்டாள்.

"எடு" என்றாள் பிரவீனிடம். "ஒரே டேக்கு."

எழுதிக் கொடுக்க என்னிடம் ஒரு வரியும் இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

"என் பேரு ரம்யா. எங்க அம்மா பேரு ராஜாம்பாள். மணலூர்பேட்டப் பக்கம். வீடியோவுல இருக்கறது நான்தான். என்ன யாரும் தூக்கினு போவல. நாங்க அஞ்சு பேரும் ஒரே கிளாஸ், படம் எடுக்கறோம். தூக்கறாரே, இவருதான் வேடியப்பன். வாங்க இப்டி. இவருக்குத் தூக்கவே தெம்பில்ல, நாலு டேக் வாங்கினாரு. யாரும் யாரையும் அடிக்காதீங்க. எதுனா கேக்கணும்னா என்னக் கேளுங்க. அண்ணா, நீ பாத்தின்னா, சாயங்காலம் வூட்டுக்குப் போயி போன்ல பேசறேன்."

கடைசி வாக்கியத்தில் மட்டும் குரல் உடைந்தது. பிரவீன் அனுப்பினான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டேயிருந்தது. முதல் பைக்குகள் அணைக்கரையில் திரும்பின. சிலர் கையில் கழி. வேடியப்பன் வேனுக்குள் ஒளியவில்லை. ரம்யாவுக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவன் அவளுக்குக் காவலா, அவள் அவனுக்குக் காவலா என்று தெரியாத நிலையில் இருவரும் நின்றார்கள்.

"யார்றா அவன்?" என்று ஒருவர் இறங்கும்போதே கையை ஓங்கினார். ரம்யா குறுக்கே வந்தாள்.

"நான்தாண்ணா அது. வீடியோ வரும் பாருங்க."

"இன்னா வீடியோ?"

யாருடைய போனோ கூட்டத்துக்குள்ளிருந்து அவள் குரலில் பேசத் தொடங்கியது. என் பேரு ரம்யா, எங்க அம்மா பேரு ராஜாம்பாள். ஒவ்வொரு போனாகப் பேசியது. ஆட்கள் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். 'நாலு டேக் வாங்கினாரு' என்ற இடத்தில் ஒரு பையன் சிரித்துவிட்டு, பக்கத்திலிருந்தவர் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான். இறங்கிய கழிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்கள்.

இரண்டாவதாக வந்தவர்கள் சங்கத்து ஆட்கள். அதில் சுபாஷின் சித்தப்பாவும் இருந்தார். வண்டியின் பின்னால் போய் நின்று ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு சுபாஷைக் கூப்பிட்டு ஒரே ஒரு அறை.

"இத ஒட்டிக்கினு பொண்ண இழுக்கற சீனா எடுக்கற? அறிவு இருக்குதா?"

அதற்குள் போலீஸ் ஜீப் வந்து எல்லோரையும் கலைத்தது. எங்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டினார்கள். பெயர், ஊர் கேட்டார்கள். இருட்டுவதற்குள் ரம்யாவை மணலூர்பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.

ஏறும்போது, "எங்க ஊர்லருந்து ஒருத்தரும் வரல பாத்தியா?" என்று என்னிடம் கேட்டாள். "எங்கெங்கருந்தோ வந்தாங்க. எங்க ஊர்ப் பசங்க எதுக்கும் மொத ஆளா வருவானுங்க. என்னத் தூக்கினு போனா மட்டும் வரமாட்டானுங்க போல."

பஸ் போய்விட்டது.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. சந்தோஷ் திருப்பூரிலிருந்து வந்துவிட்டான் என்று மட்டும் தெரிந்தது. பிரவீன் எடிட் செய்வதை நிறுத்திவிட்டான். எங்கள் படத்துக்காக ஒருத்தி தன் படிப்பைக் கொடுத்துவிட்டாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லாமலே இருந்தோம். மாசி பிறந்தது. கல்யாணப் பத்திரிகை எந்த நாளும் வாட்ஸ்அப்பில் வரும் என்று வேடியப்பன் போனைத் தொடவே பயந்தான்.

ஒரு காலையில் ஆய்வகத்து வாசலில் சுவரோரம் ஒரு ஜோடிச் செருப்பு சாய்ந்திருந்தது. ஊக்கு மூடியிருந்தது.

உள்ளே அவள் கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணன் வந்தான், ஒரு வாரம் மொறச்சிக்கினே இருந்தான், போயிட்டான்" என்றாள். "அம்மாவுக்குக் காய்ச்சல், அதான் வரல. படிப்பப் பத்தி அவன் ஒரு வார்த்த எடுக்கல. இன்னான்னே எனக்குப் புரியல."

அவள் டிகிரி முடித்தாள். இப்போது சங்கராபுரத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை செய்துகொண்டே எம்.எஸ்சி. படிக்கிறாள். படத்தைக் கல்லூரி விழாவில் போட்டோம். 'வுடு' என்ற இடத்தில் கை தட்டினார்கள்.

போன வருடம் சந்தோஷின் கல்யாணத்துக்கு நாங்கள் நால்வரும் அவள் ஊருக்குப் போனோம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த தங்கமணி என்கிற எதிர்வீட்டுக்காரர்தான் சொன்னார். அன்றைக்கு அந்த வீடியோ ஊருக்கு மதியமே வந்துவிட்டதாம். பையன்கள் கழியோடு பைக்கை எடுத்துவிட்டார்களாம். கரும்பு வெட்டிவிட்டு வந்த ராஜாம்பாள் தங்கமணியின் போனை வாங்கிப் பார்த்தார், இன்னொரு முறை போடச் சொன்னார், கிலோமீட்டர் கல் தெரியும் இடத்தில் நிறுத்தச் சொல்லி அதன்மேல் விரலை வைத்தார்.

"தூக்கினு போற பொண்ணு செருப்ப இப்டி வெச்சிட்டா போவும்?" என்று பையன்களைக் கேட்டாராம். "வண்டிய நிறுத்துங்கடா. அது எம் பொண்ணு. சினிமா எடுக்கறாங்க. நாந்தான் அனுப்பினேன்."