ஜேம்ஸுக்கு மேலே போட்ட கோடு

இது நடந்தது. 1974 ஜூலையில், சிட்னியில், யோகா என்ற பெண்ணுக்கு, பட்டப்பகலில் நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மத்தியானத் தூக்கத்தையும் இழக்கட்டும்.

யோகா யாழ்ப்பாணத்துக்காரி. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, அதுவும் சரித்திரத்தில். அந்தப் பட்டத்தை வைத்து அவள் பார்த்த வேலை, மிஸிஸ் ஹார்கட் என்ற எழுபது வயதுச் சீமாட்டிக்கு வம்சாவளி எழுதுவது. தாமஸ் ஹார்கட் என்ற ஆங்கிலேயன் 1798இல் கப்பலில் வந்து இறங்கி, ஏற்கெனவே ஆட்கள் இருந்த ஆற்றங்கரையை யாருமே இல்லாத இடம் என்று சொல்லி வளைத்துப் போட்டான். அந்தப் பெரிய மனிதனின் சட்டபூர்வ வாரிசு தான் என்று கிழவி நிரூபித்தால், ஆரம்பக் குடியேறிகளின் வாரிசுகள் சங்கம் ஒன்று அவள் சட்டையில் சின்னமாகக் குத்திக்கொள்ள வெள்ளி ஊசி கொடுக்கும். திருடனுக்குப் பேத்தி என்று காட்ட இத்தனை பாடு.

யோகாவுக்கு ஊசி வேண்டாம். நாட்டில் நிரந்தரமாகத் தங்க, வேலை கொடுப்பவரின் கடிதம் வேண்டும். மாதக் கடைசிக்குள் அது குடிவரவு அலுவலகத்துக்குப் போகாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

தேவாலயப் பதிவேட்டில் சிக்கல் இருந்தது. கிழவியின் கொள்ளுத்தாத்தா ஜேம்ஸ் பிறந்தது 1806. தாமஸ், கப்டன் மகள் சார்லட்டைக் கட்டியது 1811. ஜேம்ஸின் தாய் ஹன்னா பைக். கைதியாகக் கப்பலில் வந்து, தாமஸ் வீட்டில் சமையல் வேலைக்கு விடப்பட்டவள்; இளம் வயதிலேயே ஆற்றில் மூழ்கிச் செத்தவள்.

மிஸிஸ் ஹார்கட் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஜேம்ஸை சார்லட்டுக்குக் கீழே போடு."

"அவர் பிறந்து ஐந்து வருடம் கழித்துத்தானே கல்யாணம், மேடம்?"

"உனக்குக் கடிதம் வேண்டாமா, டியர்?"

யோகாவுக்குக் கிழவி மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் அதிகம் அருவருப்பு வந்தது. சரி என்றாள்.

சனிக்கிழமை ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். இறைச்சிக் கடைத் தாளைக் கல்லின் மேல் விரித்து, கறுப்பு மெழுகுக் கட்டியால் தேய்த்தால் எழுத்து தாளில் எழும். தாமஸ், சார்லட் இருவருக்கும் ஆள் உயரப் பளிங்கு. வேலியோரம் முழங்கால் உயரத்தில் ஒரு கல். 'H.P.' என்று மட்டும் இருந்தது. யாரும் கேட்காமலே அதையும் தேய்த்து எடுத்தாள். மணி 3.10. தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தவள், எந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் 'போய் வருகிறேன்' என்று ஊரில் சொல்கிற மாதிரி, வாய்ப் பழக்கத்தில் அந்தக் கல்லைப் பார்த்துச் சொன்னாள்.

"போட்டு வாறன்."

அன்றிரவு சாப்பிடும்போது இதைச் சொன்னதும், அறைத் தோழி விமலா சோற்றில் இருந்து கையை எடுத்தாள்.

"சுடலையில நிண்டோ சொன்னனி? செத்த வீட்டிலயே ஒருத்தரும் வாறன் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடாயினம்."

"அவ வெள்ளைக்காரியடி. தமிழ் விளங்காது."

"செத்தாக்களுக்கு என்ன பாஷை விளங்கும் எண்டு டிகிரியில படிச்சனியோ?"

யோகா சிரித்தாள். அதுதான் கடைசிச் சிரிப்பு.

திங்கட்கிழமை 3.10. கிழவி மாடியில் தூங்குகிறாள். கீழே படிப்பறையில் யோகா தனியாக இருக்கிறாள். சமையலறைக் கதவு... டக். போய்ப் பார்த்தாள். யாருமில்லை. திரும்பி வந்தபோது மேசைக்கு எதிரே இருந்த நாற்காலி ஒரு சாண் பின்னே நகர்ந்திருந்தது.

செவ்வாய், அதே 3.10. கதவு. பிறகு நடைவழியில் ஈரத்துணி இழுபடும் சத்தம். ஸ்ர்ர்... ஸ்ர்ர்... தரையில் ஆற்றுச் சேறு. கிழவி நாடகம் ஆடுகிறாள் என்று திட்டிக்கொண்டே துடைத்தாள்.

புதன்கிழமை சத்தம் இல்லை. நாற்காலி ஏற்கெனவே நகர்ந்திருந்தது. இருக்கை நனைந்திருந்தது.

வியாழன். பெரிய தாள். அழியாத மை. 3.05க்கு ஜேம்ஸின் பெயரை எழுதி முடித்தாள். அளவுகோலை சார்லட்டை நோக்கி வைத்தாள்.

3.09.

பேனாவை மையில் தோய்த்தாள்.

டக்.

ஸ்ர்ர்... ஸ்ர்ர்...

நாற்காலிப் பக்கம் வரவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

கழுத்தில் குளிர்ந்த மூச்சு. ஒரு சொட்டு நீர் தாளில் விழுந்தது. பழக்கமில்லாத பாஷையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது போல ஒரு பெண் குரல்...

"போட்டு..."

"வாறன்..."

யோகா அளவுகோலைத் திருப்பினாள். ஹன்னா பைக் என்று எழுதி, அங்கிருந்து ஜேம்ஸுக்குக் கோடு இழுத்தாள். நியாயத்துக்காக இல்லை. பயத்தில்.

மூச்சு விலகியது.

நாலு மணிக்கு இறங்கி வந்த கிழவி தாளைப் பார்த்தாள். அந்த மையைச் சுரண்டினாலும் போகாது.

"கடிதமா? உன் நாட்டுக்குப் போய் உன் ஆட்களுக்கு வம்ச மரம் வரைந்துகொள்."

யோகா பெட்டி கட்டினாள். மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. நிரந்தரமாகத் தங்க அனுமதி. மிஸிஸ் ஹார்கட்டின் கடிதம் கிடைத்ததாம்.

"கிழவிக்கு மனம் இளகிப்போச்சு போல," என்றாள் விமலா.

நன்றி சொல்லாவிட்டாலும், ஏன் என்று கேட்கலாமென யோகா அந்த வீட்டுக்கு ஃபோன் செய்தாள். மருமகள் எடுத்தாள். மாமி அந்த வியாழக்கிழமை ஐந்து மணிக்கே விழுந்துவிட்டாளாம். பேச்சும் இல்லை, கை காலும் வரவில்லை. ஞாயிறன்று ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

யோகா நேரே குடிவரவு அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி கோப்பைத் திறந்தான். மிஸிஸ் ஹார்கட்டின் பெயர் அச்சடித்த தாள். கிழவி விழுந்த மறுநாள், வெள்ளிக்கிழமைத் தேதி.

"நேரில்தான் கொண்டுவந்தாங்க. மழையே இல்லை, தரையெல்லாம் ஈரம். அதனால ஞாபகம் இருக்கு."

"அந்த வயசான அம்மாவா?"

"வயசானவங்களா? இல்லையே. உங்க வயசுதான் இருக்கும்."

கடிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தான். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. எழுதத் தெரியாத பெண்கள் அந்தக் காலத்துப் பதிவேடுகளில் இட்ட குறி.

யோகா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

மை விரலில் ஒட்டியது.