கோதுமை பீரும் தங்கை புருஷனும்

எண்பதுகளின் தொடக்கம். ஜெர்மனியிலிருந்து வந்த என் தங்கை புருஷன், பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்து வைத்தது நாலு பீர் பாட்டில். மாமியாரான எங்கம்மாவுக்கு ஒரு சேலை கிடையாது, எனக்கு ஒரு சட்டைத் துணி கிடையாது. கோதுமையில் காய்ச்சியதாம். சாதாரண பீரைவிட வீரியம் அதிகமாம். பீத்தலுக்குக் குறைச்சலில்லை!

ஆனால் அவன் வந்த காரியம் வேறு. இரண்டு மாதம் முன்பே தங்கை தனியாக விமானமேறி, எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்கு வந்து சேர்ந்து, "நான் திரும்பப் போகலண்ணே" என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டால் வாய் திறக்கவில்லை. இப்போது இரண்டு டிக்கெட்டோடு வந்து நிற்கிறான். "புருசன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். கூட்டிப் போக இம்புட்டுத் தூரம் வந்திருக்காக, கெளம்பச் சொல்லு" என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அனுப்புவதா வேண்டாமா என்று எனக்குத்தான் புரியவில்லை.

மதியம் கூடத்தில் உட்கார்ந்தோம். மாமியார் அடுப்படியில் இருக்கும்போதே பாட்டிலைத் திறக்கிற கூச்சங்கெட்ட ஜென்மம். தங்கையைக் கூப்பிட்டு ஊற்றச் சொன்னான். கழனித் தண்ணீர் மாதிரி கலங்கலாக விழுந்தது.

"மொதல்ல மோந்து பாருங்க மச்சான். வாழப்பழ வாசம், கிராம்பு வாசம். தெரியுதா?"

தெரியாமலா? எங்கள் தோட்டத்தில் வாழைத்தார் கனிந்து வெடித்தால் வருகிற வாடை அது. அந்தப் பழத்தை மாட்டுக்குப் போடுவோம். இவனோ கண்ணை மூடி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, சாமி வந்தவன்போலத் தலையை ஆட்டினான். நானும் ஒரு மடக்குக் குடித்தேன். முதலில் திகட்டுகிற இனிப்பு, அப்புறம் பல்வலிக்கு வைத்த கிராம்பு, கடைசியில் புளித்த மாவு. வீரியம் மட்டும் நிஜம். அரைக் கிளாசிலேயே காது சூடேறிவிட்டது. முக்கால்வாசி நுரைதான், அவனைப் போலவே.

"எப்படி மச்சான்?"

"வயித்தால போகாம இருந்தாச் சரி மாப்ள" என்றேன்.

இரண்டாவது பாட்டிலின் அடியில் மண்டி தெரிந்தது. எங்கள் பக்கம் காபியானாலும் எண்ணெயானாலும் மண்டியை நிறுத்திவிட்டுத்தான் ஊற்றுவோம். "அத விட்டுரு ஆத்தா" என்றேன் தங்கையிடம்.

"இல்லண்ணே, அவுகளுக்கு அது வேணும்" என்று தயங்கினாள். கருமம், இதைப் போய் ஒரு மனுஷன் குடிப்பானா? நானே பாட்டிலை வாங்கி மண்டியை முற்றத்தில் கொட்டினேன்.

அவன் துள்ளி எழுந்தான். "அதுலதான்டி ருசியே இருக்கு! மூணு வருசமாச் சொல்லியும் மண்டையில ஏறலயா?"

கொட்டியது நான். கத்தியது அவளிடம். கைகூட ஓங்கவில்லை, கிளாசை எடுக்கத்தான் நீட்டினான். அதற்குள் அவள் சட்டென்று குனிந்து, இரண்டு கையாலும் காதையும் கன்னத்தையும் பொத்திக்கொண்டாள்.

அவள் மெல்லக் கையை இறக்கி, முடியை ஒதுக்குவதுபோல நடித்தாள். படுபாவி! இதையா இத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டு மறைத்தாள்?

அடுப்படி வாசலில் அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம்தான் சொன்னாள்:

"ஏலே, கம்பத்துக்கு எப்ப பஸ்ஸுன்னு பாரு. மாப்பிள்ள மட்டுந்தான் போறாக."