சலித்த மணல்

மலேயாவில் பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது எண்ணெய்க் கொட்டகைப் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. லாரிக்குப் பெட்ரோல், தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான் இருக்கும். எண்ணெயில் தீப்பிடித்தால் மணலைத்தான் கொட்ட வேண்டும் என்று துரை சொன்னதால், வாசலில் ஆறு சிவப்பு வாளிகளை வைத்து, ஆற்று மணலை நானே சலித்து நிரப்பினேன். வாரம் தவறாமல் அது குறையும். முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் சலிப்பேன்.

ஒரு நாள் காலை எவனோ வீசிய சுருட்டுத் துண்டால் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று பற்றிக்கொண்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆறு வாளியும் காலி. அதற்குள் ஆட்கள் தண்ணீரோடு வந்துவிட்டார்கள்.

"தண்ணி ஊத்தாதீங்கடா!" என்று கத்தினேன்.

"தண்ணி ஊத்தாம நெருப்பு எப்படிங்க ஐயா அணையும்?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார்கள். எண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து, எரிந்தபடியே கால்வாயில் இறங்கி ரப்பர் புகைக்கூடத்தை நோக்கி ஓடியது. மண்ணை வெட்டிப் போட்டு அதை மறிப்பதற்குள் கொட்டகை சாம்பலாகிவிட்டது.

மணலைத் திருடியதற்காக லயம் லயமாகப் போய்த் திட்டித் தீர்த்துவிட்டு, மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி வைத்த தண்ணீர்ச் செம்பு தங்கமாக மின்னியது. நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

"கொட்டகை மணல்ல தேய்ச்சதுங்க, ஒரு கல்லுகூட இல்ல," என்றாள் பெருமையாக. "லயத்துப் பொம்பளைங்களுக்கும் நான்தான் சொன்னேன்."