கிரீஸ் மாஃபி

மற்ற நாடுகளில் பேஸ்பால் அணிகள் குளிருக்கு ஓய்வெடுக்கும். நாங்கள் வெயிலுக்கு. ஜூன் பிறந்துவிட்டால் ஷார்ஜா மைதானத்தில் நின்றாலே ஷூவுக்குள் கால் வெந்துவிடும். செப்டம்பர் கடைசி வாரம்வரை அங்கே பந்தைத் தொட முடியாது. இந்த மாதங்களில்தான் அணிகள் ஆள் பிடிக்கும், ஆளை இழக்கும். போன வருடம் ஜூன் முழுவதும் நாங்கள் இழந்ததோடு சரி.

ஒருவருக்குச் சவூதியில் தம்மாமுக்கு மாற்றல். இன்னொருவர் கனடா. மூன்றாவது ஆள்தான் வலித்தது: எங்கள் கேட்சர், துபாய் அணிக்குத் தாவினான். அங்கே ஏசி அரங்கில் பயிற்சி, பெயர் அச்சடித்த சட்டை. அவன் படத்தைப் போட்டு 'புதிய ஒப்பந்தம்' என்று லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் போஸ்டரே விட்டார்கள். எங்களில் மிச்சம் எட்டுப் பேர். பேஸ்பாலுக்கு ஒன்பது பேர் வேண்டும்.

லீக் நடத்துபவர் போன் செய்தார். "செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை காலையில ஒரு பயிற்சி ஆட்டம். ஒன்பது பேரோட வந்தா லிஸ்ட்ல இருப்பீங்கம்மா. இல்லேன்னா உங்க ஆளுங்கள மத்த டீமுக்குப் பிரிச்சுக் குடுத்துடலாம்."

"பிரிச்சுக் குடுக்க நாங்க என்ன பழைய சைக்கிளா சார்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த அணியைத் தொடங்கியவள் நான். கல்லூரி முடித்து வந்த வருடம், இங்குள்ள கிரிக்கெட் அணிகளில் கேட்டுப் பார்த்தேன். "ஸ்கோர் எழுத வாங்க சிஸ்டர்" என்றார்கள். அதனால்தான் சுற்றி யாருக்குமே தெரியாத விளையாட்டாகத் தேடினேன். தெரியாத விளையாட்டில் எல்லோருக்கும் முதல் வகுப்புதானே. கோடையில் எங்கள் கட்டடத்தின் அடித்தளக் கார் நிறுத்தத்தில், தூணில் ஒரு மெத்தையைக் கட்டிவைத்துப் பயிற்சி. திருச்சியிலிருந்து யார் போன் செய்தாலும் அப்பா சொல்லும் செய்தி ஒன்றுதான்: "பி.இ. படிச்சுட்டு பேஸ்மென்ட்ல பந்து பொறுக்கிட்டிருக்கா."

ஒன்பதாவது ஆளை ஜூலையில் கண்டுபிடித்தேன், அம்மாவுக்கு ரவிக்கை லைனிங் வாங்கப் போன இடத்தில். ஷார்ஜாவின் ரோலா கடைவீதியில் ஒரு துணிக்கடை. விற்பனையாளர் அம்மாவிடம், "அச்சு அசலா மயில்கழுத்து கிடைக்காதும்மா, பக்கத்துக் கலர் தாரேன்" என்று பேசிக்கொண்டே, கீழே கிடந்த துணிக்கட்டுகளைப் பரணில் நின்றவரை நோக்கி எறிந்துகொண்டிருந்தார். மேலே பார்க்கவில்லை. ஆறு கட்டுகள். ஆறும் அந்த ஆளின் நெஞ்சுக்கே போய்ச் சேர்ந்தன. எனக்கு லைனிங் மறந்துவிட்டது.

"அண்ணே, பந்து எறிவீங்களா?"

"எறிவேன். யாரை அடிக்கணும் தங்கச்சி?"

சொந்த ஊர் கீழக்கரை. இருபது வருடம் முன்பு அங்கே கிரிக்கெட் ஆடியவர். இப்போது வயது முப்பத்தாறு, தாடியில் நரை. மற்ற அணிகளின் நம்பிக்கை நட்சத்திரங்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது. துணிக்கட்டுகளுக்கு முன்னால் அவரை நிற்கவைத்துப் படமெடுத்து, 'எதிர்கால நட்சத்திரம்' என்று போஸ்டர் செய்து குழுவில் போட்டேன். துபாய் கேப்டன், சென்னைக்காரன், ஐ.டி. மேலாளர், உடனே எழுதினான்: 'எதிர்காலத்துக்குப் பேரப்பிள்ளைங்க எத்தனை?' நானும் எழுதினேன்: 'பந்து உன் பக்கம் வரும்போது கேட்டுச் சொல்லு.'

மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை கடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் பேஸ்மென்டுக்கு வருவார். அவர் எறிந்தால் தூணோடு மெத்தை அதிரும். சிக்கல் எறிவதில் இல்லை, பேட்டில் இருந்தது.

பேஸ்பாலில் பந்தை அடித்ததும் பேட்டை அங்கேயே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு ஓட வேண்டும். பேஸ் என்பது தரையில் கிடக்கும் ஒரு வெள்ளை மெத்தைத் துண்டு. அதை உடம்பால் தொட வேண்டும், அதாவது காலை வைக்க வேண்டும். அண்ணன் பேட்டோடு ஓடினார். பேஸை நெருங்கியதும் குனிந்து, கையை நீட்டி, கிரிக்கெட்டில் கிரீஸைத் தொடுவதுபோல் பேட்டின் நுனியை அதில் வைத்துவிட்டு, இரண்டாவது ரன்னுக்குத் திரும்பினார்.

"காலை வைங்கண்ணே, பேட்டை இல்ல!"

"கை தானாப் போவுது. நான் என்ன செய்ய?"

"அப்ப பேட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஓடுங்க."

அவர் முகம் மாறியது. "தூக்கிப் போடுறதா? ஊர்ல பதினோரு பேருக்கு ஒரு பேட்டு. கீழ போட்டா அடி விழும்."

ஆகஸ்ட் முழுவதும் இதே போராட்டம். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்: தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் பேட்டை மெதுவாகத் தரையில் வைப்பார், பிறகு ஓடுவார். ஒவ்வொரு தடவையும் இரண்டு விநாடி போகும்.

ஒருநாள் டீ குடிக்கும்போது தம்மாமில் வேலை பார்த்த கதையைச் சொன்னார். வேறு வேலைக்கு மாற கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், ரிலீஸ் லெட்டர் வாங்க வேண்டும். "மூணு வருஷம் அலைஞ்சேன் தங்கச்சி. போய் நின்னாப் போதும், 'ரிலீஸ் மாஃபி'ம்பார். கெடையாதுங்குறதுக்கு அவ்வளவுதான் அரபி. கதவச் சாத்திருவார்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது பேராகப் போய் நின்றோம். எதிரே துபாய் அணி. இரண்டாவது இன்னிங்ஸில் எங்கள் பழைய கேட்சர் ரன் எடுக்க ஹோம் பேஸை நோக்கி ஓடினான். மைதானத்தின் கடைசியிலிருந்து அண்ணன் எறிந்த பந்து, தரையைத் தொடாமல், அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. அவுட்.

பிறகு அண்ணனின் முறை. முதல் பந்தையே யாருக்கும் எட்டாத இடத்துக்கு அடித்தார். நான் கத்தினேன், எல்லோரும் கத்தினோம். அந்தச் சத்தத்தில் ஒரு மாதப் பயிற்சி பறந்துபோனது. பேட்டோடு ஓடினார், குனிந்தார், பேட்டை நீட்டி பேஸில் வைத்தார், திரும்பினார். பந்து வந்து சேர, அவர்கள் ஆள் பேஸில் காலை வைத்தான். அவுட்.

துபாய் கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "பாய், இங்க கிரீஸ் மாஃபி!"

எங்கள் ஆட்களிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர்களை முறைத்தேன். இரண்டு ரன்னில் தோற்றோம்.

லீக்காரர் லிஸ்ட்டும் பேனாவுமாக வந்தபோது, துபாய் கேப்டன் அவரை முந்திக்கொண்டு அண்ணனிடம் போனான். கையில் புது ஷூ. "பாய், உங்க கை சூப்பர். எங்க டீமுக்கு வந்துடுங்க. ஷூ, கிளவுஸ் எல்லாம் நாங்க தர்றோம். கார் வீட்டுக்கே வரும். பேட்டே பிடிக்க வேணாம், பந்து மட்டும் எறிஞ்சாப் போதும்."

பேட் பிடிக்காமல் பந்து மட்டும் எறிகிற ஆளை வைத்துக்கொள்ள பேஸ்பாலில் விதி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர் போனால் நாங்கள் எட்டுப் பேர், அணி இல்லை என்பதும் தெரியும். அண்ணன் அந்த ஷூவைப் பார்த்தார். அவருடையது ரோலாவில் வாங்கிய கேன்வாஸ், முன்பக்கம் வாய் திறந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன கேப்டன், ரிலீஸ் தருவீங்களா?"

"அதான், கேப்டன் மேடம்! ஒரு ரிலீஸ் குடுத்து விடுங்க" என்றான் அவன்.

மாட்டேன் என்றுதான் வாயில் வந்தது. அதைச் சொல்ல எத்தனை ஆசையாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சம். தம்மாமில் சாத்திய கதவு நினைவுக்கு வந்தது.

"நான் ஒண்ணும் கஃபீல் இல்ல" என்று கத்தினேன். "என்கிட்ட எதுக்குக் கேக்குற? அவர்கிட்ட கேளு!"

அண்ணன் கொஞ்சம் திகைத்தார். "என்கிட்டயா?" என்றார். தாடியைத் தடவினார். பிறகு துபாய் கேப்டனின் தோளில் கையைப் போட்டு, ஒரு முதலாளியின் தோரணையில், மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ரிலீஸ் மாஃபி!"

லீக்காரர் ஒன்பதாவது பெயரை எழுதினார். ஜும்ஆ தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. "யல்லா, வா தங்கச்சி, அந்தப் பேட்டு விசயத்த இன்னொருதரம் பாத்துருவோம்" என்றார் அண்ணன். நான் பந்து போட்டேன். அடித்தார். பேட்டை மெதுவாகக் கீழே கிடத்தினார். பிறகு ஓடினார்.

அதே இரண்டு விநாடி. போகட்டும். மற்ற எட்டுப் பேரும் கொஞ்சம் வேகமாக ஓடிக்கொள்கிறோம்.